பட்டினிக் கோழிகள்

முன்னொரு காலத்தில் யூதேயா நாட்டை ஒரு ராஜா ஆண்டு வந்தார் என்று தொடங்க ஆசைதான். ஆனால் ராஜா கடலுக்கு அப்பால் ரோமாபுரியில் இருந்தார். அவர் அனுப்பிவைத்த கார்வில்லியஸ் என்ற ஆளுநர்தான் ஆண்டார். கோபம் வந்தால் சிலுவை, குஷி வந்தால் பந்தயம். சில நாள் இரண்டும் ஒரே காலையில் வரும்.

எங்கே கிளம்பினாலும் கோழிகளைக் கேட்டுத்தான் கிளம்புவார். ரோமர் வழக்கம் அது. கூண்டைத் திறந்து தானியம் போடுவார்கள். கோழிகள் கொத்தித் தின்றால் தெய்வங்கள் சம்மதித்ததாக அர்த்தம். தின்னாவிட்டால் பயணம் கிடையாது. அவற்றுக்குப் பொறுப்பு காரியதரிசி திமோன். ஆளுநரின் காதருகே வேறு யாரும் நெருங்குவதைப் பொறுக்காதவன். அவன் கைக்கு வந்தபின் கோழிகள் ஒருமுறைகூட மறுத்ததில்லை.

யூதர்களின் பஸ்கா பண்டிகை தொடங்கும் நாளின் காலையில் திர்சா என்ற விதவை ஆளுநரின் சபைக்கு வந்தாள். ஆளுநரின் உருவம் பொறித்த கொடியைக் கோட்டை வாசலிலிருந்து இறக்கிவிட்டான் என்று அவள் மகன் யாமீனை முந்தின நாள் சிலுவையில் அறைந்திருந்தார்கள். விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

“உடலைக் கொடுங்கள், பிரபு. பொழுது சாய்வதற்குள் புதைக்க வேண்டும். எங்கள் வேதம் அப்படி.”

“பறவைகளுக்கு என்று உத்தரவு போட்டாயிற்று. இந்த மாகாணத்தில் என் உத்தரவு மீறப்படுவதில்லை.”

“எல்லாமே கீழ்ப்படிகிறதா, பிரபு?”

ஆளுநருக்குக் குஷி வந்துவிட்டது. “கீழ்ப்படியாத ஒன்றை மதியத்துக்குள் காட்டு. உடல் உனக்கு. தோற்றால் அவன் பக்கத்தில் உனக்கும் ஒரு மரம்.”

“கழுதையைப் பிடித்துக்கொண்டு வருவாள், பிரபு,” என்றான் திமோன். “நாலு சாத்து சாத்தினால் அதுவும் கேட்கும்.” எல்லோரும் சிரித்தார்கள்.

பஸ்காவின்போது புளித்த மாவில் சுட்ட ரொட்டி ஒரு துணுக்குகூட யூதர் வீட்டில் இருக்கக்கூடாது. தெருவெங்கும் பெண்கள் மூலைமுடுக்கைத் துழாவி, கிடைத்ததை எரிப்பதற்காகக் குவித்திருந்தார்கள். திர்சா அவர்களிடம் போய் மேலாடையை விரித்தாள்.

“எரிக்கத்தானே போகிறோம். எடுத்துக்கொள், அக்கா,” என்றாள் ஒருத்தி. எதற்கு என்று கேட்கவில்லை.

மேலாடை நிறைய ரொட்டியோடு திர்சா அரண்மனை முற்றத்துக்குப் போனாள். கோழிக் கூண்டுக்குள் ஒரே கூச்சல்.

“போடும்மா, போடு,” என்றான் காவல்காரன். “அந்தக் காரியதரிசி நேற்றிலிருந்து ஒன்றும் போடவிடவில்லை. கத்திக் கத்திக் காது போய்விட்டது.”

மதியம் ஆளுநர் வேட்டைக்குத் தயாராக வந்தார். “எங்கே, காட்டு.”

“உங்கள் கோழிகள்தான், பிரபு. தின்னச் சொல்லுங்கள்.”

சிரித்துக்கொண்டே தானியத்தை அவரே இறைத்தார். ஒரு கோழி தானியத்தின்மேல் உட்கார்ந்தது. இன்னொன்று அதைத் தாண்டிப் போய்ச் சிறகைக் கோதிக்கொண்டது.

“தின்னு,” என்றார். பிறகு உரக்க, “தின்னு!”

உட்கார்ந்திருந்த கோழி கண்ணை மூடிக்கொண்டது.

“நாங்கள் உங்களுக்குக் கீழ்ப்படிகிறோம். நீங்கள் கோழிக்கு,” என்றாள் திர்சா. “கோழி யாருக்கு, பிரபு?”

திமோன் கூண்டுக்குள் எட்டிப்பார்த்துக் கத்தினான். “மோசடி! ரொட்டி போட்டிருக்கிறாள். வயிறு நிறைந்த கோழி எப்படித் தின்னும்?”

“அப்படியானால் இத்தனை நாள் எந்த வயிற்றோடு தின்றன, ஐயா?”

ஆளுநர் மெதுவாகத் திமோன் பக்கம் திரும்பினார். திமோன் கூண்டை விட்டுப் பின்வாங்கினான். ஆளுநர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

“உடலைக் கொடுங்கள். ஆணிகளை இவனே பிடுங்கட்டும்,” என்றார். பிறகு திர்சாவிடம், “நேற்றே இப்படிப் பேசியிருந்தால் மகனையே கொடுத்திருப்பேன்,” என்றார்.

“நேற்றும் வந்தேன், பிரபு. அந்தி வரை வாசலில் நின்றேன். உள்ளே விடவில்லை.”

ஆளுநர் கையுறையைக் கழற்றினார். வேட்டை இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சூரியன் மலையைத் தொடுமுன் யாமீனை அவள் புதைத்துவிட்டாள். பிணத்தைத் தொட்டவர்களுக்குத் தீட்டு; பஸ்கா விருந்தில் உட்கார முடியாது. மதிலுக்கு உள்ளே வீடு வீடாக விளக்கேற்றினார்கள். அந்நிய ராஜாவிடமிருந்து முன்னோர்கள் விடுதலையான பாட்டைப் பாடத் தொடங்கினார்கள். திர்சா வெளியே மண்மேட்டருகில் உட்கார்ந்து, நகத்திலிருந்த மண்ணை ஒவ்வொரு விரலாக எடுத்துக்கொண்டிருந்தாள்.