வெள்ளெலியின் நாலு வாசல்

மொச்சை உரித்துக்கொண்டே நடுநடுவே இதை எழுதுகிறேன். மகள் பவானியின் இங்கிலீஷ் பாடத்தில் ‘சீஜ்’ என்று ஒரு சொல் வந்தது. முற்றுகை என்று போட்டிருந்தது. உள்ளே இருப்பவர் வெளியே வராமல், வெளியே இருப்பவர் உள்ளே போகாமல், படை சுற்றி நிற்பது. ‘லே சீஜ்’ என்றால் முற்றுகையிடுவது; ‘அண்டர் சீஜ்’ என்றால் முற்றுகையில் இருப்பது. அவளுக்குப் புரியவில்லை. அதனால் இந்தக் கதையைச் சொன்னேன்.

கம்பங்கொல்லை வரப்பில் ஒரு வெள்ளெலி தனியாக வாழ்ந்தது. அதன் வளைக்கு நாலு வாசல். அதற்கு இருந்த ஒரே சிநேகிதி ஒரு கௌதாரி.

ஒருநாள் காட்டுப்பூனை வந்து கிழக்கு வாசலில் உட்கார்ந்தது.

“எலியம்மா, சௌக்கியமா? வெளியே வாயேன், பேசிக்கிட்டு இருக்கலாம்.”

“எனக்கு வேலை இருக்கு” என்றது எலி.

“இருக்கட்டும். என் ஆளுங்க நாலு வாசல்லயும் நிக்கிறாங்க. எப்ப வந்தாலும் சரி.”

அது பொய். பூனை ஒன்றுதான். ஆனால் எலி நடுங்கிப்போய் மண்ணைத் தள்ளிக் கிழக்கு வாசலை அடைத்தது.

கொஞ்ச நேரத்தில் மேற்கு வாசலில் கறக்கறக் என்று சத்தம்.

“அக்கா, நான்தான் கௌதாரி. உங்களுக்குக் கம்பு கொண்டாந்திருக்கேன்.”

‘பூனையோட ஆளு. குரலை மாத்திப் பேசுது’ என்று நினைத்தது எலி. மேற்கையும் அடைத்தது. கௌதாரி தெற்கே ஓடியது, தெற்கும் அடைபட்டது. வடக்கே ஓடியது, அதுவும்.

மறுநாளே பூனைக்குப் பசி. எழுந்து வேறு வரப்புக்குப் போய்விட்டது.

எலிக்கு அது தெரியாது. இருட்டில் உட்கார்ந்திருந்தது. சேர்த்து வைத்த தானியம் நாலாம் நாள் தீர்ந்தது. பேச ஆளில்லாமல் தன் வாலோடு பேசியது. பிறகு அதையும் விட்டது.

ஆறாம் நாள் மறுபடியும் கறக்கறக்.

“அக்கா, இருக்கீங்களா?”

“பூனை எங்கே?” எலியின் குரல் கம்மியிருந்தது.

“அது போய் நாலு நாளாச்சு. அது உட்கார்ந்த இடத்துலதான் நான் நிக்கிறேன்.”

“அப்ப இத்தனை நாளா என்னைச் சுத்தி நிக்கிறது யாரு?”

கௌதாரி நாலு பக்கமும் பார்த்தது. “யாரும் இல்லக்கா. மண்ணுதான் இருக்கு. நீங்க தள்ளின மண்ணு.”

எலி அடைத்த மண்ணில் கை வைத்தது. தோண்டக் கையில் பலமில்லை. கௌதாரி வெளியிலிருந்து கிளறியது. எலி உள்ளிருந்து முடிந்தவரை பிறாண்டியது. மாலைக்குள் ஒரு விரல்கடை வெளிச்சம் தெரிந்தது. அதன் வழியாக ஒரு கம்பு மணி உருண்டு உள்ளே விழுந்தது.

“பூனை போன பிறகு முற்றுகையிட்டது யாரு?” என்று பவானியைக் கேட்டேன்.

“எலியேதாம்மா” என்றாள்.

பகைவன் அடைப்பது ஒரு வாசலைத்தான். மற்ற வாசல்களை அடைப்பது நம் பயம்.

எதிர்வீட்டு ராசாத்தி அக்கா வாசலில் நின்று கூப்பிடுகிறார். எப்போதும் கதவுக்குப் பின்னால் நின்றே பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். இன்றைக்கு மொச்சையை ஓரமாக வைத்துவிட்டு, தாழ்ப்பாளைத் திறக்கப் போகிறேன்.