பளிச்சென்று விழுந்த ஜீப்

கொடிமலரை லேசுப்பட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெராக்ஸ் கடையில் வேலை. பழைய கேமரா ஒன்றை வாங்கி, மேம்பாலத்துக்கு எதிரே ஸ்டாண்டு போட்டு, இரவில் படமெடுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். மீசையை நீவிக்கொண்டே வந்தார் எஸ்.ஐ. தணிகாசலம்.

"யாரும்மா நீ? பத்து மணியிலேர்ந்து நிக்காம ரோந்து சுத்துறேன். எந்த வீட்டை நோட்டம் விடுறே? இவ்வளவு நேரமும் படம்தான் எடுத்தேன்னு சாட்சி காட்டு. இல்லேன்னா கேமரா ஸ்டேஷனுக்கு வரும்."

"சாட்சி இதுலயே இருக்கு சார்" என்று கேமராவை நீட்டினாள். "ஒவ்வொரு படத்துக்கும் கேமராக் கண்ணை அரை நிமிஷம் திறந்து வச்சேன். ஓடுற வண்டி வெறும் வெளிச்சக் கோடாத்தான் விழும். அசையாம இருக்கிறதுதான் தெளிவா விழும்."

பஸ், லாரி எல்லாம் கோடு கோடாக இருந்தன. பாலத்தடியில் ரோந்து ஜீப் மட்டும் நம்பரோடு பளிச்சென்று நின்றது. அதன் ஜன்னலுக்கு வெளியே பூட்ஸ் போட்ட இரண்டு கால்கள். பத்து மணிப் படத்திலும் அப்படியே, பதினொரு மணிப் படத்திலும் அப்படியே.

பின்னால் நின்ற ஏட்டு இருமுவதுபோல் சிரித்தார். எஸ்.ஐ.யின் குரல் இறங்கியது. "சரி சரி, நல்லாத்தாம்மா எடுத்திருக்கே."

"அரை நிமிஷம் ஆடாம இருக்க என் கேமராவுக்கே ஸ்டாண்டு வேணும் சார்" என்றாள் கொடிமலர். "உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் அது தேவைப்படல."