ஒற்றைச் சக்கரத்தில் கொழும்புக்குப் போன பாஸ்கோ

பாஸ்கோ மஸ்கட்டிலிருந்து ஊருக்கு வந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் தூத்துக்குடியில் அவன் செய்யாத காரியம் என்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: வாயை மூடுவது.

கில்டா அதையெல்லாம் கண்டுகொள்கிறவள் இல்லை. மருந்துக் கடையில் பில் போடுகிறவள். ஒரு நாளைக்கு இருநூறு பேருடைய நோயையும் நியாயத்தையும் கேட்டுப் பழகிய காது அவளுக்கு. ஆனால் அன்று சாயங்காலம் மைதானத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் பாஸ்கோ வாயைத் திறந்த நேரம் சரியில்லை. அதே பெஞ்சில் ராயப்பன் நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தார்.

ராயப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்தத் தெரு இளைஞர் மன்றத்தின் செயலாளர். பட்டம் இல்லாத பெயரை அச்சடித்தால் மை வீண் என்று நினைக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மன்றத்தின் விளையாட்டு விழா. உறியடி, சாக்கு ஓட்டம் எல்லாம் முடிந்து கடைசி நிகழ்ச்சி, அடுக்கி வைத்த மீன்பெட்டிகளின் மேல் ஒற்றைச் சக்கர சைக்கிளில் துள்ளி ஏறுவது. மன்றத்தில் சைக்கிள் ஒன்றுதான். நோட்டீஸில் யார் பெயர் பெரிதாக வருகிறதோ அவருக்குத்தான் அன்றைக்குச் சைக்கிள். ஆறு மணிக்குள் நோட்டீஸ் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

அது தன் பெயராகத்தான் இருக்கும் என்று கில்டா நம்பியிருந்தாள். இரண்டு வருஷம் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் விழுந்து எழுந்தவள் அவள். சும்மா ஏறி உட்காரவே ஆறு மாதம். நின்ற இடத்திலேயே துள்ள இன்னொரு ஆறு மாதம். இப்போது சீட்டை முன்னால் இழுத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் துள்ளி, இரண்டு பெட்டி உயரம் ஏறுகிறாள். மூன்று பெட்டிக்குப் போன மாதம்தான் வழி பிடிபட்டது. முதல் துள்ளலில் பெடலைப் பெட்டி விளிம்பில் கவ்வ வைக்க வேண்டும். அங்கிருந்து இன்னொரு எத்து. பத்துக்கு நாலு தடவை ஏறுவாள், ஆறு தடவை விழுவாள். விழுவதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை.

டீ கிளாஸோடு நின்ற கில்டா ராயப்பனிடம் மூன்று பெட்டி என்று சொன்னது பாஸ்கோ காதில் விழுந்தது. "மூணு பெட்டியா?" என்றான். "மூணு பெட்டியில நான் செருப்பைக் கழத்தி வைப்பேன்."

"உங்களுக்கும் இது தெரியுமாண்ணே?" என்று கில்டா கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"மஸ்கட்ல ஒரு வெள்ளிக்கிழமை காலையில கத்துக்கிட்டேன், பாத்துக்கிடுங்க. எட்டு மணிக்கு ஏறுனேன். எட்டரைக்கு முதலாளி வீட்டு மொட்டை மாடி. ஒம்பது மணிக்கு ஒட்டகம்."

"ஒட்டகத்து மேலயா குதிச்சீரு?" என்றார் டீ மாஸ்டர் சுடலைமுத்து.

"மேல குதிச்சா அதுக்கு வலிக்காதா வே? தாண்டிக் குதிச்சேன். நாப்பத்திரண்டு ஒட்டகம், வரிசையா. கடைசி ஒட்டகம் மட்டும் திடீர்னு தலையைத் தூக்கிட்டு. நான் அந்தரத்துலயே இன்னொரு எத்து எத்தி மேல போயிட்டேன்."

ராயப்பன் பேனாவைத் திறந்து, 'பாலைவனப் புயல்' என்று எழுதினார்.

கில்டாவுக்குச் சுருக்கென்றது. "குதிக்கும்போது எந்தக் கையில சீட்டைப் பிடிப்பீங்கண்ணே?"

"கை எங்கம்மா சும்மா இருந்துச்சு? ரெண்டு கையிலயும் டீ. முதலாளிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ஒரு சொட்டு சிந்தல."

கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியும் என்பார்கள். இங்கே நெய்யோடு முந்திரியும் சேர்ந்து வடிந்தது. சுடலைமுத்துவாவது சிரித்துவிட்டு டீயை ஆற்றப் போனார். ராயப்பனோ பள்ளிக்கூடத்தில் சொல்வதை எழுதுகிற பிள்ளை மாதிரி அடுத்த வரிக்குக் காத்திருந்தார்.

"உயரம் எம்புட்டு தம்பி போவீரு?"

"அளந்தவன் எவனும் இல்ல அண்ணாச்சி. ஒரு தடவை எத்துனேன், அன்னைக்கு வியாழக்கிழமை. இறங்கி வாரப்ப சனிக்கிழமை. நடுவுல மேலேயே ஒரு சவரம் பண்ணிக்கிட்டேன். தாடியோட இறங்குனா மரியாதை இல்ல, பாத்துக்கிடுங்க."

"கண்ணாடி?" என்று சுடலைமுத்து உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"பக்கத்துல ஏரோப்பிளேன் போச்சு. அது ஜன்னல்ல பாத்துக்கிட்டேன்."

'விண்ணை வென்ற வேந்தன்' என்று இரண்டாவது பட்டம் இறங்கியது. எழுத்து பெரிது பெரிதாக வந்தது. காகிதம் பாதி நிரம்பிவிட்டதைக் கில்டா பார்த்தாள். அடியில் ஓர் ஓரத்தில் ராயப்பன் பொடி எழுத்தில் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார்: மற்றும் பலர்.

"அண்ணாச்சி, என் பேரு?"

"நீயும் இருப்பம்மா. பெட்டி அடுக்க ஆளு வேணும்லா?"

முட்டி பெயர்ந்தது அவளுக்கு, பட்டம் இவனுக்கா? "நான் பலர் இல்ல அண்ணாச்சி," என்றாள். அது ராயப்பன் காதில் விழவில்லை. பாஸ்கோ அதற்குள் துறைமுகத்துக்குப் போய்விட்டான்.

"போன லீவுல வந்தப்போ துறைமுகத்துல கன்டெய்னர் கன்டெய்னரா துள்ளிப் பழகிக்கிட்டு இருந்தேன். கடைசி கன்டெய்னர்ல நிக்கும்போதுதான் பாக்கேன், அது கப்பல்ல இருக்கு. கப்பல் கிளம்பிட்டு. கொழும்புல அதிகாரி பாஸ்போர்ட் எங்கன்னு கேக்கான். 'ஐயா, உங்க மண்ணுல என் சக்கரம் பட்டாத்தானே பாஸ்போர்ட்?'னேன். அவன் யோசிச்சுப் பாத்தான். நியாயம்தான்னுட்டான். அப்புறம் கூரை கூரையா துள்ளிக் கண்டி வரைக்கும் போய்ட்டு வந்தேன். ஒரு ஓடு உடையல."

"திரும்ப எப்படி வந்தீரு?" என்றார் ராயப்பன்.

"அலை மேலதான். அலை உச்சியில லேசா ஒரு தட்டு, அடுத்த அலை. பள்ளத்துல இறங்குனா போச்சு. எல்லாம் நல்லாத்தான் போச்சு அண்ணாச்சி. நடுக்கடல்ல வச்சு செயின் கழண்டுட்டு."

கில்டா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். இரண்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"எந்தச் செயின்?"

"சைக்கிள் செயின்தாம்மா."

"ஒத்தச் சக்கர சைக்கிள்ல செயின் எங்க இருக்கு? பெடல் நேரா சக்கரத்து அச்சுலதான இருக்கு? ஏறுனவங்க வேண்டாம், எட்டி நின்னு பாத்தவங்களுக்கே தெரியுமே. எனக்கு ஆறு மாசத்துலயே காது குத்தியாச்சுண்ணே. மறுபடியும் குத்தாதீங்க."

சுடலைமுத்து டீ ஆற்றுவதை நிறுத்தினார். ராயப்பனின் பேனா நின்றது. பாஸ்கோவின் முகம் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தொங்கிப்போனது. பிறகு அது மறுபடியும் மலர்ந்தது.

"அதைத்தானம்மா சொல்ல வாரேன்! அன்னைக்கு வரைக்கும் இருந்துச்சு. கழண்டு கடலுக்குள்ள போயிட்டு. செயின் இல்லாமலே மிதிச்சுக் கரைக்கு வந்துட்டேன். சைக்கிள் கம்பெனிக்காரன் கேள்விப்பட்டான். 'ஒருத்தன் செயின் இல்லாமலே கடலைத் தாண்டுதான், இனிமே நமக்கு எதுக்கு இந்தச் செலவு?'ன்னான். அன்னையில இருந்து உலகத்துல எந்த ஒத்தச் சக்கரத்துக்கும் செயின் கிடையாது."

'செயினை ஒழித்த சிங்கம்.' ராயப்பன் அடிக்கோடும் போட்டார்.

மணி ஐந்தே முக்கால். கில்டா எழுந்தாள். மைதானத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து பாஸ்கோவின் முழங்காலுக்கு நேரே நிறுத்தினாள்.

"அண்ணே, கடல் வேண்டாம். ஒட்டகம் வேண்டாம். பெட்டி கூட வேண்டாம். சும்மா ஏறி உக்காருங்க. மாஸ்டர் மூணு எண்ணட்டும். அது வரைக்கும் விழாம இருந்தீங்கன்னா, ஞாயித்துக்கிழமை நானே பெட்டி அடுக்குதேன்."

பாஸ்கோ சைக்கிளைப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான். பெடல் முழுக்க முள்முள்ளாக இருந்ததைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான். காலி கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தான். பெஞ்சை விட்டு ஓர் அங்குலம்கூட எழவில்லை.

"ஏறியாச்சேம்மா," என்றான்.

"எப்ப?"

"இப்பத்தான். நீங்க எல்லாரும் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுனீங்கள்லா? அந்த நேரத்துல ஏறி, மூணு பெட்டியும் தாண்டி, கோயில் கோபுரத்துல ஒரு தட்டு தட்டி, இறங்கி வந்து உக்காந்துட்டேன். அம்புட்டு வேகம். சாதாரணக் கண்ணுக்குப் பிடிபடாது."

விழுகிறவனை விழுந்தான் என்று காட்டலாம். ஏறவே ஏறாதவனை என்ன செய்வது? இரண்டு வருஷமும் இந்தப் பெஞ்சில் வைத்துப் போகிறதே என்று கில்டா சைக்கிளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ராயப்பன் எழுதிய காகிதத்தைத் தூக்கி மேலிருந்து கீழ் வரை ஒரு முறை படித்தார். நான்காகக் கிழித்து டீக்கடைக் கூடையில் போட்டார். புதுத் தாள் எடுத்து, நடுவில், பட்டம் எதுவும் இல்லாமல், 'கில்டா – மூன்று பெட்டி' என்று எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அச்சகத்துக்குக் கிளம்பினார்.

பாஸ்கோ பதறி எழுந்தான். "அண்ணாச்சி, என் பேரு போடலையே?"

"போட்டாச்சு வே," என்றார் ராயப்பன் திரும்பாமலே. "அச்சடிச்சு, ஊர் முழுக்க ஒட்டி, கிழிச்சும் ஆச்சு. நீருதான் கண்ணைச் சிமிட்டிட்டீரு."