கருவாட்டுத் தெருவில் மணந்த ராஜா

முன்னொரு காலத்தில் காவனூர் நாட்டை வீரகேசரி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனிதர்தான். ஆனால் காலையில் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஆளை மத்தியானமே கழுத்தைப் பிடித்துத் தள்ளச் சொல்வார். இப்படிப்பட்டவரிடம் மந்திரியாக இருந்து முடி நரைத்தவர் கரியமாணிக்கம்.

ஒருநாள் காலை, கப்பல் வியாபாரி காசிம் மரைக்காயரை மந்திரி அரண்மனைக்கு அழைத்துவந்தார். மரைக்காயர் மடியிலிருந்து சுண்டுவிரல் அளவு குப்பி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"மகாராஜா, இது அகில் கட்டையிலிருந்து இறக்கிய அத்தர். அரபு தேசத்தில் ஊது என்பார்கள். ஒரு சொட்டுப் போதும்."

ராஜா மணிக்கட்டில் தடவி மோந்து பார்த்தார். முகம் அஷ்டகோணலாகிவிட்டது.

"என்னங்காணும் இது? கஷாயத்தை மாட்டுத் தொழுவத்தில் கொட்டின மாதிரி அடிக்கிறதே!"

"கொஞ்சம் பொறுங்கள் மகாராஜா. உங்கள் உடம்புச் சூடு அதில் ஏற வேண்டும்."

பொறுத்தார். காரம் மெல்ல அடங்கியது. மழையில் நனைந்த மரத்தின் வாசனை எழுந்தது. அதற்குள்ளிருந்து புகை வந்தது, புகைக்குள்ளிருந்து தேன் வந்தது. ராஜா கண்ணை மூடிக்கொண்டு சொக்கிப்போனார். ஒரு சொட்டுப் போதும் என்றால் ராஜா கேட்பாரா? காதோரம், கழுத்து, மார்பு என்று அப்பிக்கொண்டார்.

"இனி அரண்மனையில் சந்தனமே வேண்டாம்!" என்றார்.

அரண்மனைக்குச் சந்தனம் அரைத்துத் தரும் அதிகாரி ஆவுடையப்பர் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு வயிறு பற்றி எரிந்தது.

மத்தியானம் சபை கூடியது. ராஜா ஆசையாக மணிக்கட்டை மோந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி மோந்தார். ஊஹூம்!

"ஆவுடையப்பரே, எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லையே. உமக்குத் தெரிகிறதா?"

சபை முழுக்க அகில் கும்மென்று நிறைந்திருந்தது. ஆனால் ஆவுடையப்பர் கிடைத்த வாய்ப்பை விடுவாரா?

"துளிகூட இல்லை மகாராஜா! வெறும் எண்ணெயை வைத்து ஏமாற்றிவிட்டான். சிபாரிசு செய்த மந்திரிக்கு இதில் என்ன லாபமோ, யார் கண்டது!"

ராஜா மற்றவர்களைப் பார்த்தார். ராஜா மூக்குக்கு எட்டாதது தங்கள் மூக்குக்கு எட்டினால் மரியாதையாக இருக்குமா? "இல்லை, இல்லை" என்று எல்லாத் தலைகளும் ஆடின.

"மணக்கிறது மகாராஜா" என்றார் கரியமாணிக்கம். "வாசல் காவல்காரன் வரைக்கும் மணக்கிறது."

"சபையே பொய், நீர் ஒருவர்தான் மெய்யா? விளக்கு வைப்பதற்குள் நிரூபியும். இல்லாவிட்டால் மரைக்காயருக்குச் சிறை. நீர் நாட்டை விட்டே போய்விடும்!"

கரியமாணிக்கம் மரைக்காயரை நினைத்துப் பார்த்தார். தன் பேச்சை நம்பி வந்த அந்த மனிதர் இந்நேரம் மந்திரி வீட்டில்தான் விருந்தாளியாக இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். வாசனைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவன் மூக்கு அதற்கு மரத்துப்போகும் என்று மந்திரிக்குத் தெரியும். ஆனால் சொன்னால் யார் நம்புவது? ராஜாவுக்குப் பயப்படாத ஒரு மூக்கு வேண்டும். அதை எங்கே தேடுவது என்று ஒரு நிமிஷம் யோசித்தார்.

"மகாராஜா, மாறுவேடத்தில் கடைவீதி வரை வருகிறீர்களா?"

ராஜாவுக்கு மாறுவேடம் என்றால் உயிர். அடுத்த கணமே முண்டாசும் அழுக்கு வேட்டியுமாக, முகத்தில் கரியைத் தடவிக்கொண்டு கிளம்பிவிட்டார். மந்திரி அவரை நேராகக் கருவாட்டுத் தெருவுக்குக் கூட்டிப்போனார். ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கடை முன்னால் நின்றார்.

கடைக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"யோவ் முண்டாசு! தள்ளி நில்லுய்யா! எந்தக் கல்யாண வீட்டுக்குள்ள பூந்துட்டு வந்தே? உன்மேல அடிக்கிற வாசனையில என் கருவாட்டு வாசமே தெரியலியே. வாங்க வர்றவன் எதை மோந்து பார்த்து வாங்குவான்?"

ராஜா வாயைப் பிளந்தார். "அம்மா, நிஜமாகவே என்மேல் வாசனை வருகிறதா?"

"கேக்குற கேள்வியைப் பாரு! தெருமுனையில நீ திரும்பும்போதே வந்துடுச்சு. நகருய்யா, பொழப்பைக் கெடுக்காதே!"

ராஜாவுக்குக் கோபமே வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. திரும்பும் வழியில் ஆற்றங்கரைக் காற்றில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மணிக்கட்டைத் தூக்கி மோந்தார். காலையில் வந்த அதே தேன், அதே புகை! "கரியமாணிக்கம், போகவே இல்லையய்யா, இங்கேயேதான் இருந்திருக்கிறது!" என்று குழந்தை மாதிரி கத்தினார். கரியமாணிக்கம் அப்படியே படித்துறையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு இப்போதுதான் முழுசாக வந்தது. மரைக்காயர் நிம்மதியாக ஊர் போய்ச் சேருவார் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

சபைக்குத் திரும்பியதும் ராஜா ஆவுடையப்பரைக் கூப்பிட்டார்.

"இப்போதாவது வாசனை வருகிறதா?"

"சத்தியமாக இல்லை மகாராஜா."

"பாவம், உமக்கு மூக்கே வேலை செய்யவில்லை போலிருக்கிறது. நல்லதாய்ப் போயிற்று. யானைக் கொட்டிலில் சாணம் அள்ளுவதை மேற்பார்வை பார்க்க ஒருவரும் நிலைக்க மாட்டேன் என்கிறார்கள். நாளை முதல் நீர் அங்கே போய்விடும்."

"ஐயோ, மகாராஜா! மணக்கிறது! மத்தியானத்திலிருந்தே மணக்கிறது!"

"அப்படியானால் பொய் சொன்னதற்காகப் போம்!"

மந்திரிக்கு ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். மரைக்காயரின் கப்பலுக்கு இனித் துறைமுகத்தில் சுங்கம் இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை சபையில் ராஜா கையை நீட்டிக் கேட்டார். "இன்றைக்கு எப்படி மணக்கிறது?"

"ஆஹா! கும்மென்று மணக்கிறது மகாராஜா!" என்று சபை ஒரே குரலில் முழங்கியது.

ராஜா மந்திரியைப் பார்த்தார்.

"ஒன்றும் மணக்கவில்லையே மகாராஜா" என்றார் கரியமாணிக்கம்.

"எப்படி மணக்கும்? இன்றைக்கு நான் குப்பியைத் திறக்கவே இல்லை." ராஜா சிம்மாசனத்தில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். "மந்திரியாரே, அந்த யானைக் கொட்டிலைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டச் சொல்லும்."