மணக்காத குப்பி

வெகு வெகு காலத்துக்கு முன்னால், ஊருக்கு ஊர் ராஜாவும் ராணியும் இருந்த நாளில், அகிலாபுரி என்றொரு நாடு இருந்தது. அதன் மலையெல்லாம் சந்தனமும் அகிலும் மண்டிக் கிடக்கும். காற்றடித்தால் தெருவே மணக்கும். அப்படிப்பட்ட நாட்டில்தான் இந்தக் கொடுமை நடந்தது, கேளுங்கள்.

மலையடிவாரத்தில் இருளப்பன் என்று ஒரு விறகுவெட்டி. அவன் பெண்டாட்டி வஞ்சிக்கொடி. கல்யாணமாகி வெகுநாள் பிள்ளையில்லாமல், கோயில் கோயிலாக அலைந்து, கடைசியில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். அது முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய சமயத்தில் அரண்மனையிலிருந்து ஒரு கிழவன் வந்தான். கந்தமாலி என்று பெயர். ராணி மகரவல்லிக்கு வாசனைத் தைலம் செய்து கொடுப்பவன். இருட்டிலேயே வேலை செய்து கண் மங்கிப்போனவன். நாயைப் போல மூக்கைத் தூக்கி மோந்து மோந்துதான் நடப்பான்.

பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் மகராணி சேலை கொடுக்கிறாள் என்று சொன்னான். அதற்கு முன்னால் இந்த வெள்ளைப் பட்டைப் பகல் முழுக்க உடம்பில் சுற்றியிருக்க வேண்டும், அது அரண்மனை வழக்கம் என்றான். பட்டு நெய் தடவியதுபோல வழுவழுவென்று இருந்தது. வஞ்சிக்கொடி அதைச் சுற்றிக்கொண்டே சமைத்தாள், பால் கொடுத்தாள், பிள்ளையைத் தூங்க வைத்தாள். சாயங்காலம் கிழவன் வந்து பட்டை மடித்து வாங்கிக்கொண்டு, ஒரு சிவப்புச் சேலையைக் கொடுத்துவிட்டுப் போனான். புதுச் சேலை கிடைத்த சந்தோஷத்தில் அவள் வேறொன்றும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் குழந்தை பாலுக்கு அழுதது. மார்போடு அணைத்தாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி அணைத்தாள், திருப்பிக்கொண்டது. மூன்றாம் முறை அவளைக் கண்டு மிரண்டு, உடம்பு விறைத்துக் கதறியது. ஆட்டுப்பால் கொடுத்தாலும் துப்பியது. அதற்கு வேண்டியது அம்மாவின் பால்தான், ஆனால் அம்மாவைத்தான் காணோம்.

இருளப்பன் நல்லவன், அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் கொஞ்ச நேரத்தில் தன்னையறியாமல் தள்ளி உட்கார்ந்தான். என்ன என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கண்ணுக்கு நீதான் தெரியுது வஞ்சி. ஆனா யாரோ மாதிரி இருக்கு. ஏன்னு எனக்கே தெரியல."

பிள்ளை நாளுக்கு நாள் வாடியது. அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் போனது. வைத்தியர் கைவிட்டார். மகராணி தொட்டால் நோய் தீரும் என்று யாரோ சொன்னார்கள். புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்கு நடந்தார்கள்.

முற்றத்தில் பெருங்கூட்டம். ராணி மகரவல்லி வெளியே வந்தாள். அவள் நடந்து வரவர ஜனங்கள் கண்ணீர்விட்டார்கள், "தாயே, தாயே" என்று தரையில் விழுந்தார்கள். வரி கட்ட முடியாமல் வீடிழந்தவன்கூட அவளைப் பார்த்ததும் கைகூப்பினான். ராணி கிட்டே வந்தாள். துவண்டு கிடந்த குழந்தை சட்டென்று கண்ணைத் திறந்தது. கையை நீட்டித் தாவியது, ராணியை நோக்கி. ராணி சிரித்துக்கொண்டே வாங்கினாள். பிள்ளை அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்து, பாலில்லாத அவள் மார்பை வாயால் தேடித் தேடித் தவித்தது.

கூட்டம் நெகிழ்ந்துபோனது. வஞ்சிக்கொடி மட்டும் கல்லாக நின்றாள். என் பிள்ளை அம்மா என்று யாரைத் தேடுகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

பொழுது சாய்ந்தது. ராணியின் மடியிலிருந்த பிள்ளை மறுபடி மிரண்டு அழ ஆரம்பித்தது. ராணி சலித்துப்போய், பெற்றவளிடம் சேர்க்கச் சொல்லி அதை ஒரு வேலைக்காரியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். இப்போது அவள் பின்னால் யாரும் அழவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். நெசவாளி வீட்டு நல்லக்காள். அவள் வஞ்சிக்கொடியின் சிவப்புச் சேலையைப் பார்த்தாள், தன் சிவப்புச் சேலையைத் தொட்டுக் காட்டினாள். தன் பிள்ளையும் இப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்றாள். போன மாசம் புதைத்துவிட்டதாகச் சொன்னாள். புருஷன் அவளை வீட்டுக்குள் விடுவதில்லையாம். அவளும் அந்த வெள்ளைப் பட்டைச் சுற்றியவள்தான்.

"நம்ம உடம்பு வாசத்தைத்தான் அந்தக் கிழவன் எடுத்திருக்கான்" என்றாள் நல்லக்காள். "உன் பிள்ளை ராணிகிட்ட தாவினது உன் வாசத்தை மோந்துதான். என்னோடது தீர்ந்திருக்கும். உன்னோடது இன்னும் இருக்கும். மலைமேல அவன் குகைக்குப் போய் எடு."

மறுநாள் விடிந்ததும் பிள்ளையைப் புருஷனிடம் விட்டுவிட்டு வஞ்சிக்கொடி மலை ஏறினாள். கந்தமாலியின் இடம் மலையைக் குடைந்த குகை. முதல் வாசலில் செந்நாய்கள். அவள் நடுவே நடந்து போனாள், ஒரு நாயும் தலை தூக்கவில்லை. மணமில்லாதவள் அவற்றுக்கு இல்லாதவள். இரண்டாம் வாசலில் நிலையைச் சுற்றி ஒரு கருநாகம். அவள் தாண்டிப் போனாள், அது நாக்கைக்கூட நீட்டவில்லை. மூன்றாம் வாசலில் கந்தமாலியே உட்கார்ந்து, அடுக்கடுக்காக இருந்த குப்பிகளைத் தடவித் தடவி முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"வெயில் படக் கூடாது, சூடு படக் கூடாது, காற்றுப் படக் கூடாது. வாயை மூடின மெழுகு விட்டுப்போகக் கூடாது என் செல்லங்களா."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவன் முழங்காலை உரசாமல் உள்ளே நுழைந்தாள். அவன் மூக்கு அவள் பக்கம் திரும்பியது, ஒன்றும் கிடைக்காமல் மறுபடி குப்பிகளிடம் திரும்பியது.

உட்குகையின் மூலையில் கூண்டுக்குள் ஒரு புனுகுப்பூனை கிடந்தது. புனுகுக்காக வழித்து வழித்து அதன் தோல் புண்ணாகியிருந்தது. அது மெல்லிய குரலில் பேசியது.

"தாயே, கூண்டைத் திற. உனக்கு வேண்டியதைச் சொல்கிறேன்."

அவள் திறந்துவிட்டாள். பூனை சொன்னது இதுதான். ராணியை யாரும் நேசித்ததில்லை. அதனால் தாய்மாரின் மணத்தைப் பூசிக்கொள்கிறாள். மணிக்கட்டில், காதுக்குப் பின்னால், தொண்டைக் குழியில், நாடி துடிக்கிற இடமெல்லாம் ஒவ்வொரு துளி. தேய்ப்பதில்லை, தேய்த்தால் மணம் நசுங்கிவிடும். உடம்புச் சூட்டில் முதலில் மஞ்சள் வாசம் கிளம்பும், பிறகு பால் வாசம், கடைசியில் பிள்ளைக்கு மட்டுமே தெரிகிற அந்த வாசம். பொழுது சாய்ந்தால் தீர்ந்துவிடும். அப்புறம் மறுநாளைக்கு வேறு துளி.

"உன் குப்பியைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போ. வெளியே போய்ப் பூசிக்கொள், உடையவள் மேல் பட்டால் தீராமல் தங்கிவிடும். இங்கே பூசினால் நாயும் நாகமும் அவனும் உன்னைக் கண்டுகொள்வார்கள்" என்றது பூனை. "மாற்றி எடுத்தாயானால் நீ வேறு எவளோ ஆகிவிடுவாய், உன் பிள்ளைக்குக் கிடைக்க மாட்டாய்."

உள்ளேயும் அடுக்கியிருந்த குப்பிகளெல்லாம் ஒன்றுபோல இருந்தன. ராணிக்காக ஏற்கெனவே திறந்து தக்கை வைத்தவை தனி அடுக்கில் இருந்தன, தன்னுடையதும் அங்கேதான் இருக்க வேண்டும். வஞ்சிக்கொடி ஒவ்வொன்றாகத் தக்கையைத் தளர்த்தி மோந்தாள். ஒன்றில் வசம்பும் வெந்நீரும் மணந்தது. ஒன்றில் மீனும் கடற்காற்றும். ஒன்றில் மல்லிகையும் வேர்வையும். ஒவ்வொன்றிலும் ஒரு வீடு, ஒரு தூளி, ஒரு பிள்ளை. ஆனால் தன் மணம் எது? தான் எப்படி மணப்போம் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

ஒரு குப்பியில் எந்த வாசமும் இல்லை. காலிக் குப்பி என்று கீழே வைக்கப் போனாள். கை கனத்தது. அசைத்துப் பார்த்தாள், பாதிவரை தைலம் தளும்பியது. தைலம் இருக்கிறது, மணக்கவில்லை. பிறந்த நாள் முதல் கூடவே இருந்த வாசம் மூக்குக்கு எப்படித் தெரியும்? அதுதான் தன்னுடையது என்று அவளுக்குப் புரிந்தது.

இனி அவள் போயிருக்கலாம். பூனையும் போ போ என்றது. அவள் காலெடுத்து வைத்தாள், ஆனால் அந்த வசம்பு வாசமும் மீன் வாசமும் அவளை விடவில்லை. இதையெல்லாம் விடுவிக்க வழியில்லையா என்று கேட்டாள்.

கிழக்குச் சுவரில் ஒரு இரும்புக் கதவு இருக்கிறது, அது திறந்து வெயில் விழுந்தால் சிறையிலிருக்கும் மணம் தங்காது, உடையவளைத் தேடிப் போய்விடும் என்றது பூனை. ஆனால் மணமில்லாத கைக்கு அந்தத் தாழ்ப்பாள் அசையாது. அப்படி மந்திரம் போட்டிருக்கிறான்.

வஞ்சிக்கொடி கையிலிருந்த குப்பியைப் பார்த்தாள். பிறகு தக்கையைப் பிடுங்கி, மணிக்கட்டிலும் காதுக்குப் பின்னும் தொண்டைக் குழியிலும் தைலத்தைச் சாய்த்துக்கொண்டாள்.

அந்தக் கணமே வெளியே நாய்கள் ஊளையிட்டன. நாகம் சரசரவென்று வந்தது. கந்தமாலி வாசலை அடைத்துக்கொண்டு நின்றான், மூக்கு விடைத்திருந்தது.

"விறகுவெட்டி பெண்டாட்டி" என்றான் நிதானமாக. "பாலும் புகையும். வந்தது நல்லதுதான். மிச்சத்தையும் பிழிந்துவிடலாம்."

அவள் இரும்புக் கதவிடம் ஓடித் தாழ்ப்பாளைப் பிடித்தாள். கிழவன் அவள் தலைமயிரைப் பிடித்தான். நாகம் அவள் காலைச் சுற்றியது. புனுகுப்பூனை பாய்ந்து அவன் கையைக் கடித்துத் தொங்கியது. அவள் தன் பிள்ளையின் வாயை நினைத்துக்கொண்டு இழுத்தாள், தாழ்ப்பாள் நகர்ந்தது.

வெயில் குகைக்குள் விழுந்தது. மெழுகு உருகியது, தக்கைகள் தெறித்தன. கூண்டு திறந்த பறவைகளைப் போல மணங்கள் கிளம்பி மலையிறங்கிப் போயின. காலமெல்லாம் தடவித் தடவிக் கந்தமாலியின் தோலில் ஊறியிருந்த மணங்களும் போயின. அவனை உயிரோடு நிறுத்தி வைத்திருந்ததே அவைதான். பிழிந்து போட்ட சக்கைபோல அவன் சுருண்டு விழுந்தான். நாகம் கயிறாகிக் கிடந்தது. நாய்கள் காட்டுக்குள் ஓடிவிட்டன.

அதே நேரம் அரண்மனை முற்றத்தில் ராணி வந்து நின்றாள். அவள் பூசியிருந்த துளியும் பறந்துபோயிருந்தது. ஜனங்கள் அவளை உற்றுப் பார்த்தார்கள். யாரும் விழவில்லை, யாரும் அழவில்லை. பிள்ளையைப் புதைத்த பெண்கள் மட்டும் ஒவ்வொருவராக எழுந்து அவள் முன்னால் வந்து சும்மா நின்றார்கள். அவர்கள் பார்வையைத் தாங்க முடியாமல் அவள் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கோட்டைக் கதவைத் தாண்டி நடந்தாள். அப்புறம் அவளை யாரும் பார்த்ததில்லை.

வஞ்சிக்கொடி வீட்டுக்குள் நுழையும்போதே குழந்தையின் தலை திரும்பியது. அள்ளி அணைத்தாள். பிள்ளை மூக்கால் துழாவி, கண்ணை மூடிக்கொண்டு, குடிக்கத் தொடங்கியது. இருளப்பன் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதான்.

ஆனால் எல்லாம் திரும்பிவிடவில்லை. ராணி பூசித் தீர்த்தது தீர்ந்ததுதான். நல்லக்காளின் குப்பி என்றைக்கோ காலியாகியிருந்தது. அவளுடைய பிள்ளையும் மண்ணுக்குள்தான் இருந்தது. வஞ்சிக்கொடி போய் அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். முதலில் வீட்டில் யாருக்கும் அவள் இருப்பதே மறந்து மறந்து போகும். தட்டு வைக்க மறப்பார்கள், பெயரை மறப்பார்கள். வஞ்சிக்கொடி மறக்காமல் கூப்பிட்டுச் சோறு போட்டாள். நல்லக்காள் அடுப்பூதினாள், ஈரத்துணி பிழிந்தாள், வைக்கோல் சுமந்தாள், பிள்ளை கக்கியதைத் துடைத்தாள்.

மழைக்காலம் வந்து போயிற்று. ஒரு மத்தியான வேளையில் வஞ்சிக்கொடி விறகு அடுக்கிவிட்டு உள்ளே வந்தாள். நல்லக்காள் அவளுக்காகப் போட்டுக் கொடுத்த தறியில் சாய்ந்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் தோளில் குழந்தை முகம் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"நான் எப்படி மணக்கிறேன், வஞ்சி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வஞ்சிக்கொடி குனிந்து மோந்து பார்த்தாள். அடுப்புப் புகை, பஞ்சு, சோற்றுக் கஞ்சி, அதற்கும் அடியில் இதுவரை எந்தக் குப்பியிலும் இல்லாத ஒரு புது வாசம். மணக்கிறாய் அக்கா என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு அம்மாக்கள் இருந்தார்கள், குழந்தை இருவரையும் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்தது, எல்லோரும் நெடுநாள் பிழைத்துக் கிடந்தார்கள்.