பாறைமேல் ஏறிய காவல் தலைவர்

கோடை முற்றிவிட்டது. காட்டுக் குட்டைகள் எல்லாம் வற்றி, கரும்பாறைக்குக் கீழே இருந்த ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் மிச்சம். மானும் முயலும் காட்டுப்பன்றியும் அங்கேதான் வந்து குடித்தாக வேண்டும். இது சிறுத்தைக்கும் தெரியாமலா இருக்கும்?

"காவலுக்கு ஒரு தலைவர் வேணும்!" என்றது காட்டுப்பன்றி. "எங்கே நின்னு பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியுற ஆளா இருக்கணும்!"

அப்படிப்பட்ட ஆள் வேறு யார்? ஒய்யாரம் என்ற மயில்தான். அது பாறை உச்சியில் ஏறி நின்றால் காடே திரும்பிப் பார்க்கும். பதவி அதற்கே போயிற்று. அன்றைக்கு ஒய்யாரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் முதல் நாளே மனக்குறை வந்துவிட்டது. நாணல் அசைவதைப் பார்த்து மயில் அகவியது. மான்கள் தலையைத் தூக்கிப் பாறையைப் பார்த்தன. பிறகு என்ன செய்தன தெரியுமா? கரையில் அடைகாத்துக்கொண்டிருந்த ஆள்காட்டிக் குருவியைப் பார்த்தன! அது அசையாமல் உட்கார்ந்திருந்தது. "வெறும் காத்துதான்" என்று சொல்லிவிட்டு, மான்கள் மறுபடி தண்ணீரில் வாய் வைத்தன.

மயிலுக்குச் சுருக்கென்றது. விடுவிடுவென்று கீழே இறங்கி வந்தது.

"ஏம்மா, இங்கே தலைவர் யாரு? நீயா, நானா?"

"நீங்கதான் ஐயா! அதுல என்ன சந்தேகம்?"

"அப்புறம் ஏன் எல்லாம் உன் மூஞ்சியைப் பார்க்குது?"

"எனக்கென்னங்க தெரியும்? தரையில முட்டை வச்சிருக்கேன். ஆபத்துன்னாக் கத்துவேன். இல்லேன்னா சும்மா கிடப்பேன்."

"இனிமே வாயைத் திறக்காதே! காவல் என் வேலை!"

ஆள்காட்டி வாதாடவில்லை. சரி என்று தலையாட்டியது.

அதன்பின் மயில் ஒரு வழி கண்டுபிடித்தது. எல்லாரும் தண்ணீருக்கு வரும் நேரம் பார்த்துத் தோகையை விரித்து ஆடும், நடுநடுவே அகவும். அட, பலித்துவிட்டது! அத்தனை கண்ணும் பாறைமேல்தான். நாணல் பக்கம் பார்க்க ஒரு கண்கூட மிச்சமில்லை. சிறுத்தை இதைக் கவனித்துக்கொண்டே இருந்தது.

ஒரு மாலை ஆட்டத்தின் நடுவே திரும்பிய மயில் திடுக்கிட்டது. நாணலுக்குள் சிறுத்தை! அதற்கு நேர் எதிரே, இப்போதுதான் நடக்கப் பழகிய மான்குட்டி, தாயை ஒட்டி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

மயிலுக்கு உயிரே போய்விட்டது. பயத்தில் பேச்சு வரவில்லை. தொண்டை கிழிய அகவத்தான் முடிந்தது. அகவியது, அகவியது, அகவிக்கொண்டே இருந்தது. ஒரு மானாவது நகர வேண்டுமே! எல்லாம் வாயைப் பிளந்து மயிலையே பார்த்தன.

அப்போதுதான் ஆள்காட்டி வாயைத் திறந்தது. முட்டையை விட்டு எழும்பி, சிறுத்தையின் தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தியது. ஒரே கத்தல்! மான்கள் என்ன ஏதென்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு ஓட்டம் பிடித்தன. பாய்ந்த சிறுத்தைக்குச் சேறுதான் மிஞ்சியது.

ஆபத்து விலகியதும் மயில் தாய்மானிடம் ஓடியது.

"நான் அவ்வளவு கத்தினேனே! உனக்குக் கேட்கலையா?"

தாய்மான் குட்டியை நக்கிக்கொண்டே சொன்னது: "நல்லாக் கேட்டுச்சு ஐயா! இன்னிக்கு ஆட்டம் பிரமாதமா இருக்கேன்னு நினைச்சோம்."

தாய்மான் கேலி செய்யவில்லை. அதுதான் மயிலுக்கு வலித்தது. கண் கலங்க ஆள்காட்டியிடம் போய், "மன்னிச்சுக்கம்மா. இனிமே நீ கத்து. நான் உன் பக்கத்துல நின்னு காவலைக் கத்துக்கிறேன்" என்றது.

உயரத்தில் ஏறி நின்றால் எல்லாரும் நம்மைப் பார்ப்பார்கள். ஆனால் நம் சொல்லை நம்ப வேண்டுமென்றால், அந்த நம்பிக்கையை நம் நடத்தையால்தான் சம்பாதிக்க வேண்டும்.