கண்ணாடியை எடுத்துவிட்டு வெட்டவும்

எங்கள் தெருவில் மூன்று முட்டாள்கள் உண்டு. இரண்டு பேரைப் பற்றி ஊருக்கே தெரியும். மூன்றாவது ஆள் புத்திசாலி என்று எப்படியோ பேரெடுத்துவிட்டதால் தப்பித்துக்கொண்டிருந்தான். இதை எழுதுவது அவன்தான்.

முதல் ஆள் தங்கப்பழம். அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். இரண்டாவது அய்யாத்துரை. தபால் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் கடிதம் பிரித்தவர். நான் ஆவுடையப்பன். காலையில் பம்பைப் போடுவதும் சாயங்காலம் நிறுத்துவதும் எனக்குக் குடிநீர் வாரியம் கொடுத்த வேலை. இரண்டுக்கும் நடுவில் நிறைய நேரம் கிடந்ததால், பள்ளிக்கூடத்தில் விட்டதையெல்லாம் நானே படித்துக்கொண்டேன். அகராதியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறேன். அதனால் எனக்குச் சொற்கள் தெரியும். எந்த இடத்தில் எதற்கு என்ன அர்த்தம் என்பதில்தான் கொஞ்சம் தடுமாற்றம்.

தங்கப்பழத்தின் பேத்திக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அந்தக் குழந்தையின் தாய்மாமன் தங்கப்பழத்தின் ஒரே மகன் இசக்கிராஜ். ஈரோட்டில் இருந்தான். அப்பாவும் மகனும் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது.

சண்டை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சித்திரை மாதம் அவன் போனில், "இந்த வெயில்ல எதுக்குப்பா அலையுதீங்க, வராதீங்க" என்றான். தங்கப்பழம் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு 'வராதீங்க' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார். "அப்ப நீயும் என் வீட்டுப் படிய மிதிக்காதலே" என்றார். அவனும் அவர் பிள்ளைதானே. அன்றிலிருந்து படியை மிதிக்கவில்லை.

"போன் போட்டு ஒரு வார்த்த கூப்பிட்டா வந்துருவாம்லா" என்றார் அய்யாத்துரை.

"நான் எதுக்குக் கூப்பிடணும்? பத்திரிகை போகும். பார்த்துட்டும் வரலைன்னா அவன்ட்ட நான் பேசவே மாட்டேன்."

"இப்பவும் பேசலியேவே?"

"இது கோவத்துல பேசாம இருக்கது. அது பேசாமலே இருக்கது."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். நெற்றியில் வேர்வை இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. உடனே வாயைத் திறந்தேன். என் வாழ்க்கையில் பாதித் தொல்லைகள் நான் வாயைத் திறந்த இடத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

"கடையில அச்சடிச்ச பத்திரிகை எல்லாரும் அனுப்புததுதான். நாமளே கையால செஞ்சு அனுப்புவோம். பார்த்ததும் மனசு இளகிரும். என் வீட்டுல மெஷின் இருக்கு."

"கையால செய்ய எதுக்கு மெஷின்?"

"கையால செய்யுததுக்குன்னே உள்ள மெஷின்வே அது."

என் மகள் காந்திமதி சட்டைகளில் எழுத்து வெட்டி ஒட்டுகிற தொழிலுக்காக வாங்கியது. மின்சாரத்தில் ஓடும். உள்ளே ஒரு சின்னக் கத்தி இருக்கிறது. போனில் படத்தைக் காட்டினால் காகிதத்தை அதேபோல் வெட்டித் தரும். அவள் கல்யாணமாகிப் புனேக்குப் போனபோது மெஷினை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். நான் அதன்மேல் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் அங்கிருந்தே அழகாக வரைந்து என் போனுக்கு அனுப்பினாள். மேலே ஒரு குட்டிக் காது. கீழே, 'என் மாமா மடியில் எனக்குக் காது குத்து.' அதற்கும் கீழே நாளும் விலாசமும். எழுத்தெல்லாம் ஓட்டையாக வெட்டி, பின்னால் தங்க நிறத் தாளை ஒட்ட வேண்டும். செய்முறையும் நாலு வரியில் எழுதியிருந்தாள்.

முதல் வரி: 'பாயில் அட்டையை ஒட்டவும்.' இரண்டாவது வரி: 'பாயை மெஷினுக்குள் விடவும்.'

"எந்தப் பாயி?" என்றார் தங்கப்பழம்.

"நல்ல காரியத்துக்குக் கிழிஞ்ச பாயா எடுப்பாக? இருக்கதுலயே நல்ல பாயி" என்றேன்.

என் கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாய் பரணில் இருந்தது. ஒரு தலைப்பில் கோமதி என்றும் மறு தலைப்பில் ஆவுடையப்பன் என்றும் நெய்திருக்கும். கோமதி போய் எட்டு வருடமாகிறது. இருந்தவரை அந்தப் பாயில் என்னை உட்காரவிட்டதில்லை. கசங்கிவிடுமாம்.

மெஷினின் வாய் ஒரு முழம்கூட இல்லை. பாயோ மூன்று முழ அகலம். இதைப் பற்றி அரைமணி நேரம் ஆலோசித்தோம்.

"மெஷின் வாயக் கொஞ்சம் அகலப்படுத்துவமா?" என்றார் அய்யாத்துரை.

"மெஷின் அவர் மக சாமான்வே. அதத் தொடக் கூடாது. பாய் அவரு சாமான். அத வெட்டலாம்" என்றார் தங்கப்பழம்.

நியாயமாகத்தான் பட்டது. என் பெயர் இருந்த தலைப்பில் ஒரு துண்டு வெட்டினேன். கோமதி பெயருக்குச் சேதாரம் இல்லை. துண்டை மெஷினுக்குள் விட்டோம். நாலு விரற்கடை போனதும் அது முக்கி முனகி நின்றுவிட்டது. மகளுக்குப் போன் போட்டேன்.

"ஐயோ அப்பா, படுக்குத பாய் இல்ல! மெஷினோட ஒரு நீல பிளாஸ்டிக் அட்டை இருந்துச்சுல்லா, ஒரு பக்கம் பசையா? நாங்க அதைத்தான் பாய்ன்னு சொல்லுவோம். எங்க அது?"

அந்த நீல அட்டையை மூன்று மாதமாக அடுக்களையில் எலி பிடிக்க வைத்திருந்தேன். நன்றாகவே பிடித்தது.

"பத்திரமா இருக்கும்மா. உபயோகத்துலதான் இருக்கு."

"சரி. இன்னொண்ணுப்பா, நான் கடைசியா வெட்டினது சட்டைக்கு. சட்டைக்குத்தான் கண்ணாடி வேணும். அட்டைக்கு ஆகாது. கண்ணாடிய எடுத்துட்டு வெட்டுங்க, என்ன? மீட்டிங் இருக்கு, வைக்கேன்."

போனை வைத்துவிட்டு இருவரையும் பார்த்தேன். இருவரும் கண்ணாடி போட்டிருந்தார்கள். நானும்தான்.

"கண்ணாடிய எடுக்கணுமாம்."

"எதுக்காம்?"

காரணம் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. "உள்ள ஒரு ஒளி ஓடும். அது நம்ம கண்ணாடில பட்டுத் திரும்பி மெஷினக் குழப்பிரும்" என்றேன்.

அய்யாத்துரை என் போனைக் கூர்ந்து பார்த்தார். "ஆமாவே! இந்தா, கண்ணாடின்னு எழுதி, பக்கத்துல பச்சப் பொட்டு ஒண்ணு எரியுது பாரும். நாம போட்டிருக்கது அதுக்குத் தெரிஞ்சிருக்கு!"

மூன்று பேரும் மரியாதையாகக் கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்தோம். திரும்பிப் பார்த்தால் பச்சைப் பொட்டு இல்லை. போனே சரியாகத் தெரியவில்லை.

"அணஞ்சிட்டு" என்றார் அய்யாத்துரை திருப்தியாக.

நீல அட்டையை அடுக்களையிலிருந்து எடுத்துத் துடைத்து, அதில் காகித அட்டையை ஒட்டி உள்ளே விட்டு, மூன்றாவது வரி சொன்ன பெரிய பொத்தானைத் தடவி அழுத்தினேன். மெஷின் கிர்ரென்று இங்குமங்கும் ஓடி அட்டையை வெளியே தள்ளியது. எழுத்துகள் எங்கள் கண்ணுக்கு எறும்பு வரிசை போல இருந்தன. எறும்பு வரிசை அழகாகத்தான் இருக்கும். நாற்பது அட்டை வெட்டினோம்.

நாலாவது வரி, 'வெட்டிய பிறகு களை எடுக்கவும்.' கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்பே அதைப் படித்து வைத்திருந்தேன். எழுத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் துணுக்கைத்தான் அவள் அப்படிச் சொன்னாள் என்று பின்னால் தெரிந்தது. நாங்கள் மூவரும் தங்கப்பழத்தின் வீட்டு முற்றத்தில் குந்தி ஒரு புல் விடாமல் பிடுங்கினோம். அவர் மகள் செண்பகம், "அப்பாவுக்கு என்ன இவ்வளவு அக்கறை!" என்று கண் கலங்கினாள். கண்ணாடி இல்லாமல் பிடுங்கியதில் அவளுடைய பிச்சிக்கொடியும் போய்விட்டதைப் பார்த்ததும் இன்னும் கலங்கினாள்.

தங்கத் தாளை ஒட்டினோம். அய்யாத்துரை உறைகளில் விலாசம் எழுதினார். முப்பத்தோரு வருடத்துக் கை. கண் தேவையில்லை என்றார். ஒவ்வோர் உறைக்குப் பின்னாலும் தங்கப்பழம் பேரும் ஊரும் எழுதித் தபாலில் போட்டோம்.

இசக்கிராஜின் உறையைத் தங்கப்பழம் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார். "வருவானாவே?" என்றார்.

"பார்த்ததும் வருவான்" என்றேன்.

கண்ணாடியை எப்போது மறுபடி போடலாம் என்று காந்திமதி சொல்லவில்லை. போட்டால் ஏதாவது கெட்டுவிடுமோ என்று நாலு நாள் போடாமலே இருந்தோம். அந்த நாலு நாளில் நான் மூன்று முறை உப்புக் காப்பி குடித்தேன். தங்கப்பழம் தெருவில் போன வேறு யாருடைய மகளையோ செண்பகம் என்று நினைத்து நிறுத்தி வைத்து ஏசினார்.

ஐந்தாம் நாள் காலை. அப்போதும் கண்ணாடி போடவில்லை. காது குத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. தங்கப்பழத்தின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். வாசலில் ஓர் உருவம் வந்து நின்றது. தோளில் பை, கையில் உறை. படி அருகே வந்ததும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தது. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படியை மிதிக்காமல் ஒரே தாண்டாகத் தாண்டி உள்ளே குதித்தது.

"யாருடே அது, ஆடு மாதிரி?" என்றார் அய்யாத்துரை.

"இசக்கிராஜ், பெரியப்பா." என் பக்கம் திரும்பினான். "அப்பாட்ட ஒண்ணு கேக்கணும். இது என்ன பாஷைன்னு கேட்டுச் சொல்லுங்க."

தங்கப்பழம் சுவரைப் பார்த்துக்கொண்டு, "தமிழ் படிக்க மறந்துட்டானான்னு கேளும்" என்றார்.

"ஈரோட்டுல எட்டு பேர்ட்ட காட்டினேன். ஒருத்தரு உருதுன்னாரு. ஒருத்தரு, செய்வினைத் தகடு மாதிரி இருக்கு, வீட்டுல வைக்காதீங்கன்னாரு. அப்பாவுக்குத்தான் தலையில ஏதோ ஆயிட்டுன்னு ராத்திரி பஸ்ஸ பிடிச்சேன். அவருக்கு நல்லாத்தான் இருக்கான்னு கேளுங்க."

"எனக்கு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லும்." தங்கப்பழம் கையை நீட்டி அட்டையை வாங்கினார். கண்ணுக்குப் பக்கத்திலும் தூரத்திலும் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் எல்லாமே ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். மனப்பாடமாகச் சொன்னார்: "தெளிவாத்தானவே இருக்கு. என் மாமா மடியில் எனக்குக் காது குத்து."

உள்ளே குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"மாமான்னா யாருன்னு கேளுங்க பெரியப்பா" என்றான் இசக்கிராஜ். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நான் கேட்பதற்குள் தங்கப்பழம் சுவரை விட்டுத் திரும்பினார். "அந்தப் பிள்ளைக்கு எத்தன மாமன்லே இருக்கான்? நீதாம்லே!"

ஆறு வருடத்துக்குப் பிறகு மகனிடம் அவர் நேராகப் பேசியது அதுதான். பேசியபோது பார்த்துக்கொண்டிருந்தது அய்யாத்துரையை. ஆனாலும் இசக்கிராஜ் அதைத் தனக்கென்றே எடுத்துக்கொண்டான். பையை வைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தான்.

"நீங்க ஏன்பா ஈரோட்டுக்கு வரவே இல்ல?"

"நீதானலே வராதன்னே."

"வெயில்லன்னுதானப்பா சொன்னேன்."

"ஆறு வருசமா அங்க வெயில் அடிக்கல்லியோ?"

செண்பகம் உள்ளேயிருந்து குழந்தையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

மற்ற முப்பத்தொன்பது வீட்டாரும் அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: என்ன எழுதியிருக்கிறது? எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். விஷயம் தெரிந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வந்து சாப்பிட்டார்கள். தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழ, நல்லபடியாகக் காது குத்தியாகிவிட்டது. இசக்கிராஜ் திங்கட்கிழமை ஊருக்குப் போனான். போகும்போது தங்கப்பழம், "படிய மிதிச்சே போலே" என்றார். அவன் நாலு தடவை மிதித்துவிட்டுப் போனான்.

வந்தவர்களுக்கெல்லாம் நன்றி அட்டை அனுப்ப வேண்டும் என்று தங்கப்பழம் பிடிவாதமாக நின்றார். காந்திமதியைக் கூப்பிட்டு, போன தடவை எழுத்தெல்லாம் திரும்பி இருந்ததாகச் செண்பகம் சொன்னதைச் சொன்னேன்.

"எழுத்து இடம் வலமா மாறியிருக்கா? அது கண்ணாடியாலதான்பா. நான் எடுக்கச் சொன்னேனே."

"எடுத்துட்டோமேம்மா."

"எடுத்தா மாறாதுப்பா. எங்கயோ ஒரு கண்ணாடி இன்னும் இருக்கு. நல்லாப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மூவரும் உட்கார்ந்து விசாரணை நடத்தினோம். அன்று அலமாரியில் இருந்தவை மூன்று கண்ணாடிகள். தலைகள் மூன்று. கணக்குச் சரியாக இருந்தது. பாக்கி ஒரு கண்ணாடி எங்கிருந்து வந்தது?

கண்டுபிடித்தவன் நான்தான். இன்றைக்கும் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. போன வருடம் எனக்குக் கண்புரை அறுவை செய்தார்கள். "உள்ள லென்ஸ் வச்சிருக்கு, இனிமே கண்ணாடி உங்க கண்ணுக்குள்ளயே இருக்கு" என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

"அப்ப எல்லாத்துக்கும் நீருதான் காரணமா?" என்றார் தங்கப்பழம்.

"நான்தான்வே" என்றேன். மறுக்க வழியில்லை.

"கழத்த முடியாதோ?" என்றார் அய்யாத்துரை, என் கண்ணைத் தடவப் பார்த்து.

"முடியாது."

"அப்ப ஆளோட வெளிய போம்."

அப்படித்தான் மறுநாள் என் வீட்டில், என் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது நான் தெருவில் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உள்ளே இருவரும் கண்ணாடியைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெஷின் சத்தம். போவோர் வருவோரெல்லாம் என்னவென்று கேட்டார்கள். "வேலை நடக்குது, நான் உள்ள இருந்தா கெட்டுரும்" என்றேன். ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை.

நாற்பதையும் வெட்டி முடித்து, ஒட்டி, உறையில் போட்டுத் தபாலுக்கும் அனுப்பியாகிவிட்டது. இந்த முறை எழுத்து நேராக வந்ததா என்று கேட்டேன்.

"கண்ணாடி இல்லாம எங்களுக்கு எப்படிவே தெரியும்?" என்றார்கள்.